பழைய மரச்சாமானுக்குப் புது வண்ணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையிலும் சுற்றியிருக்கிற ஊர்களிலும் வீட்டுக்கு வீடு ஒரு பழைய மேசையோ, கண்ணாடி அலமாரியோ, தாத்தா காலத்து மரப்பெட்டியோ கிடக்கும். விற்க மனசு வராது, அப்படியே வைத்துக்கொள்ளவும் பிடிக்காது. "அக்கா, இதுக்குப் பெயிண்ட் அடிச்சு ஏதாவது பண்ணலாமா?" என்று போட்டோ அனுப்பிக் கேட்பவர்களுக்குத் தனித்தனியாகச் சொல்லி வந்த பதில்களை இங்கே ஒன்றாக எழுதியிருக்கிறேன். வேலையைத் தொடங்கும் முன் முழுக்கப் படித்துவிடுங்கள். கடைசியில் என்ன பூசப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் முதலில் எதை வாங்குவது என்பது தெரியும்.

எல்லாப் பழைய சாமானுக்கும் பெயிண்ட் அடிக்கலாமா?

கூடாது. நல்ல பர்மா தேக்கு, தோதகத்தி (ரோஸ்வுட்) இரண்டையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். பெயிண்ட் ஒருமுறை மரத்தின் துளைகளுக்குள் இறங்கிவிட்டால், பிற்காலத்தில் யாராவது அதை எடுக்க நினைத்தாலும் முழுதாக எடுக்க முடியாது, ரேகைக்குள் வெள்ளை வெள்ளையாக நின்றுகொண்டே இருக்கும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடை வைத்திருப்பவர்களிடம் பெயிண்ட் அடித்த தோதகத்தி நாற்காலியைக் கொண்டுபோய்க் காட்டுங்கள், விலை எப்படி இறங்குகிறது என்று நீங்களே பார்க்கலாம். அப்படிப்பட்ட சாமானைக் கழுவி, அழுக்கு எடுத்து, அரக்கு பாலிஷ் போட்டாலே போதும்.

பெயிண்டுக்கு ஏற்றது எது என்றால், ஏற்கெனவே யாரோ எனாமல் அடித்துவிட்டது, கால் ஒரு மரம் பலகை ஒரு மரம் என்று பல மரத்தில் ஒட்டுப்போட்டது, பிளைவுட், சன்மைக்கா ஒட்டியது, இரும்பு பீரோ, வேம்பு வாகை மாதிரி நாட்டு மரத்தில் ஆசாரி சாதாரணமாகச் செய்து கொடுத்த ஸ்டூல், பெஞ்சு, அலமாரி. இவற்றில் தைரியமாக இறங்கலாம்.

தேக்கா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

மேலே பார்த்தால் தெரியாது, பழைய வார்னிஷ் எல்லா மரத்தையும் ஒரே மாதிரிக் கறுப்பாக்கி வைத்திருக்கும். சாமானைக் கவிழ்த்து, காலின் உள்பக்கத்திலோ டிராயரின் அடியிலோ பிளேடால் ஒரு நகம் அளவுக்குச் சுரண்டுங்கள். தேக்காக இருந்தால் உள்ளே தேன் நிறமும் பழுப்புக் கோடுகளும் இருக்கும், தொட்டால் லேசாக எண்ணெய்ப் பிசுக்கு தெரியும், மூக்கருகில் வைத்தால் தோல் மாதிரி ஒரு வாசம் வரும். தோதகத்தி கருஞ்சிவப்பாக, சில இடத்தில் ஊதா கலந்து, கறுப்புக் கோடுகளோடு இருக்கும், தூக்கினாலே கனம் தெரியும். பிளைவுட் என்றால் ஓரத்தில் அடுக்கடுக்காகத் தெரியும். அதற்கு மேல் சந்தேகம் இருந்தால் பக்கத்தில் இருக்கும் தச்சாசாரியைக் கூப்பிட்டுக் காட்டுங்கள், அவர்களுக்கு ஒரு பார்வை போதும்.

அடியில் மாவு மாதிரித் தூள் கொட்டுகிறது. முதலில் பெயிண்ட் அடித்தால் நின்றுவிடுமா?

நிற்காது. அது மரத்தைக் குடைகிற வண்டின் புழு, பெயிண்டுக்கு அடியில் இருந்தபடியே தின்றுகொண்டிருக்கும். துளைகளை ஒரு கறுப்புத் துணியின் மேல் தட்டிப் பாருங்கள். புதுத்தூள் வந்தால் உள்ளே உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். ஹார்டுவேர் கடையில் மரத்துக்கான பூச்சி மருந்து கிடைக்கும், அதை ஊசியில் எடுத்து ஒவ்வொரு துளையிலும் விட்டு, பிளாஸ்டிக் தாளால் சாமானைச் சுற்றிக் கட்டிச் சில நாள் வையுங்கள். கையுறை போட்டுக்கொண்டு வெளியில் வைத்துச் செய்யுங்கள். பிறகு சில வாரம் கவனித்து, தூள் கொட்டவில்லை என்றால் மட்டும் துளைகளைப் பட்டி வைத்து அடையுங்கள்.

கரையான் வேறு விஷயம். அது பெரும்பாலும் சாமானில் குடியிருப்பதில்லை, சுவரிலிருந்தோ தரையிலிருந்தோ மண்பாதை கட்டி வருகிறது. சாமானுக்கு மட்டும் மருந்து அடித்துப் பயனில்லை, பாதை எங்கிருந்து வருகிறது என்று பார்த்து அங்கே மருந்து வைக்க வேண்டும்.

பூஜை அலமாரிக்குப் பெயிண்ட் அடித்தால் திட்டுத் திட்டாக ஒட்டாமல் விலகிப் போகிறது. ஏன்?

அடிக்கடி வரும் கேள்வி, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பல வருஷம் விளக்கு ஏற்றிய அலமாரியில் எண்ணெய், புகை, சாம்பிராணி, சந்தனம், குங்குமம் எல்லாம் மரத்துக்குள் ஊறிப்போயிருக்கும். மேல் தட்டின் அடிப்பக்கம்தான் ரொம்ப மோசம், விளக்குக்கு நேர் மேலே கறுப்பாகப் பிசுபிசு என்று ஒரு வட்டம் இருக்கும். அதை ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் பெயிண்ட் அடித்தால், எண்ணெய் இருக்கும் இடத்தில் பெயிண்ட் ஒதுங்கிச் சின்னச் சின்ன வட்டக் குழியாக நிற்கும்.

சலவை சோடாவை வெந்நீரில் கரைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் மூலை முடுக்கெல்லாம் தேய்த்து, நல்ல தண்ணீர்த் துணியால் இரண்டு மூன்று தரம் துடையுங்கள். கையுறை அவசியம், சோடா கையை அரிக்கும். தேக்கும் தோதகத்தியும் சோடாவில் கறுத்துவிடும், ஆகவே பாலிஷ் போடப் போகிற சாமானுக்கு இந்த வழி வேண்டாம், பெயிண்ட் அடிக்கப் போவதற்கு மட்டும். ஒரு நாள் நிழலில் காயவிட்டு, தின்னரில் நனைத்த வெள்ளைத் துணியால் ஒரு இழுப்பு இழுத்துப் பாருங்கள். துணியில் மஞ்சளாகவோ கறுப்பாகவோ வந்தால் இன்னும் போகவில்லை, மறுபடி துடையுங்கள். துணி சுத்தமாக வந்த பிறகு அரக்கு, அதாவது ஸ்பிரிட்டில் கரைத்த ஷெல்லாக், ஒரு கோட் அடித்துவிடுங்கள். மிச்சம் மீதி எண்ணெயையும் குங்குமச் சிவப்பையும் அது உள்ளேயே கட்டிப்போட்டுவிடும். ஒரு லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 200 கிராம் அரக்குத் தகடு போட்டு இரவு முழுக்க ஊறவிட்டால் கரைந்திருக்கும். ஸ்பிரிட் தீப்பிடிக்கும், அடுப்பும் விளக்கும் இல்லாத இடத்தில் வைத்துச் செய்யுங்கள்.

உப்புத்தாள் போடாமல் அடிக்கலாம் என்று வீடியோக்களில் சொல்கிறார்களே?

சாக் பெயிண்ட், அதாவது மங்கலாகக் காய்கிற, மரச்சாமானுக்கான பெயிண்ட், அதை விற்பவர்கள் அப்படிச் சொல்வது உண்டு, ஓரளவு உண்மையும் கூட. சொரசொரப்பான மரத்தில் அது தேய்க்காமலே பிடிக்கும். நம் வீட்டுச் சாமான்களில் இருப்பது பெரும்பாலும் பளபளக்கும் எனாமல், இல்லையென்றால் கெட்டியான வார்னிஷ். அதன்மேல் அப்படியே அடித்தால் ஒரு நாற்காலி இடித்ததும் செதிலாக வந்துவிடும். முழுதாகச் சுரண்டி மரம் தெரிய எடுக்க வேண்டியதில்லை. 150 அல்லது 180 நம்பர் தாளால் பளபளப்பு போகும் வரை ஒரு தேய்ப்பு, அவ்வளவுதான். ரேகை போகும் திசையில் தேயுங்கள், குறுக்கே தேய்த்தால் கீறல் பெயிண்டுக்கு மேலேயும் தெரியும். வெனீர் ஒட்டிய சாமான் என்றால் இன்னும் கவனம், மேல்மரம் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது, ஓரங்களில் சட்டென்று தேய்ந்து அடிப்பலகை தெரிந்துவிடும்.

எங்கள் வீட்டில் பழைய நடைவண்டி ஒன்று இருக்கிறது. பேரனுக்குப் புதுசாகப் பெயிண்ட் அடித்துக் கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். இதில் மட்டும் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. அந்தக் காலத்து மஞ்சள், ஆரஞ்சு, பச்சை எனாமல்களில் ஈயம் கலந்த நிறமிகள் சர்வசாதாரணம், நடைவண்டிக்கு அடித்திருப்பதும் அதே நிறங்கள்தான். வீட்டு உபயோகப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற மத்திய அரசின் விதி 2016-ல் வந்து, 2017 நவம்பர் 1 முதல்தான் அமலானது. அதற்கு முன்னால் அடித்த எந்தப் பெயிண்டையும் ஈயம் உள்ளதாகவே நினைத்துக்கொள்ளுங்கள். பல் முளைக்கிற குழந்தை கைப்பிடியைக் கடிக்கும், புதுப் பெயிண்ட் உதிர்ந்தால் அடியில் இருப்பது வாய்க்குப் போகும். சிறு குழந்தையின் மூளை வளர்ச்சியை ஈயம் பாதிக்கும், உள்ளே போனதால் வந்த பாதிப்பைத் திருப்பவும் முடியாது. நடைவண்டியைத் துடைத்து அழகுக்கு உயரத்தில் வையுங்கள், பேரனுக்குப் புது மரத்தில் வேறு வாங்கிக் கொடுங்கள். பழைய மரத்தொட்டிலுக்கும் இதே பதில்தான்.

பெரியவர்கள் மட்டும் புழங்குகிற சாமானில் பழைய பெயிண்டைத் தேய்க்க வேண்டியிருந்தால் காய்ந்தபடி தேய்க்காதீர்கள். தண்ணீர்த் தாள் வாங்கி, தண்ணீர் தொட்டுத் தேய்த்து, வருகிற சேற்றைப் பழைய துணியில் துடைத்து எடுத்துப் பையில் கட்டிப் போடுங்கள். முகக்கவசம் வேண்டும், குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கம் வரக் கூடாது. சூடுகாட்டிப் பெயிண்டை உரிக்கும் கருவியை இதற்குப் பயன்படுத்தவே கூடாது, புகையாக மூச்சில் போய்விடும்.

எந்தப் பெயிண்ட் வாங்குவது? எனாமலா, எமல்ஷனா, சாக் பெயிண்டா?

தினம் கை படுகிற, தண்ணீர் படுகிற சாமானுக்கு எனாமல். கெட்டியாக நிற்கும், ஆனால் அலங்கார வேலைக்கு ஒத்துவராது, பளபளப்பும் அதிகம். கரைத்துத் தேய்த்து விளையாடுவதற்குச் சாக் பெயிண்ட்தான். 1990-ல் இங்கிலாந்தைச் சேர்ந்த ஆனி ஸ்லோன் என்பவர் உருவாக்கியது, பழைய மரச்சாமான்களுக்கென்றே செய்தது. பூசினால் மங்கலாக, சுவர் மாதிரிக் காயும், தாளால் தேய்த்தால் மாவாக எளிதில் இறங்கும். இந்த இரண்டு குணமும் சேர்ந்துதான் எல்லா வேலைப்பாட்டுக்கும் இடம் கொடுக்கிறது. இங்கே கடைகளில் எப்போதாவதுதான் கிடைக்கிறது, ஆன்லைனில் வாங்கினால் விலை அதிகம். அதனால் வீட்டிலேயே கலந்துகொள்ளலாம்.

வீட்டில் சாக் பெயிண்ட் எப்படிக் கலப்பது?

சுவருக்கு அடிக்கும் மேட் அக்ரிலிக் எமல்ஷன் மூன்று பங்கு, சாக் பவுடர் ஒரு பங்கு, தண்ணீர் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாக. பவுடரை முதலில் தண்ணீரில் தனியாகக் கரைத்துக் கட்டியில்லாமல் வடிகட்டி, பிறகு பெயிண்டில் ஊற்றிக் கலக்குங்கள். நேராகப் பெயிண்டில் பவுடரைக் கொட்டினால் பொடிப்பொடியாக நின்று பூசும்போது கோடு போடும். தோசை மாவுப் பதம் வந்தால் சரி.

சாக் பவுடருக்குப் பதில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் போடலாமா என்றால், போடலாம், இன்னும் கெட்டியாகப் பிடிக்கும், ஆனால் டப்பாவிலேயே இறுகத் தொடங்கிவிடும். ஒரு மணி நேரத்துக்குள் தீருகிற அளவு மட்டும் கலக்குங்கள். சாக் பவுடர் கலந்தது இறுகாது, மூடி வைத்தால் சில நாள் இருக்கும். நிறத்துக்கு ஸ்டெயினர் சில சொட்டு. ஒரே சாமானுக்கு வேண்டிய மொத்தப் பெயிண்டையும் ஒரே தடவையில் நிறம் கலந்து வைத்துக்கொள்ளுங்கள், இரண்டாம் தடவை அதே நிறம் வருவது கஷ்டம்.

அளவு கேட்பீர்கள்: ஆறடி உயரம், மூன்றடி அகலம், ஒன்றரை அடி ஆழம் உள்ள அலமாரிக்கு வெளிப்பக்கம் மட்டும் ஏறக்குறைய 40 சதுர அடி வரும். இரண்டு கோட் என்றால் 80. ஒரு லிட்டர் ஏறக்குறைய 100 சதுர அடிக்கு வரும், ஆகவே ஒரு லிட்டர் போதும்.

ஓரங்களில் தேய்ந்து அடிநிறம் தெரிகிற மாதிரிச் செய்வது எப்படி?

எனக்கு ரொம்பப் பிடித்த வேலை இது. முதலில் அடிநிறம், உதாரணத்துக்கு அரக்குச் சிவப்பு, ஒரு கோட் அடித்துக் காயவிடுங்கள். பிறகு ஒரு வெள்ளை மெழுகுவர்த்தியை எடுத்து, எங்கெல்லாம் தேய்ந்து தெரிய வேண்டுமோ அங்கே மட்டும் அழுத்தித் தேயுங்கள். அதன்மேல் மேல்நிறம், வெளிர்ப் பச்சையோ கிளிப்பச்சையோ, இரண்டு கோட். நன்றாகக் காய்ந்ததும் 220 தாளால் மெழுகு தேய்த்த இடங்களில் லேசாகத் தேய்த்தால் மேல்நிறம் மட்டும் கழன்று வரும்.

எங்கே தேய்ப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நிறையப் பேர் நடுப்பலகையில் சொறி பிடித்த மாதிரி ஆங்காங்கே தேய்த்து வைத்துவிடுகிறார்கள். நிஜமாகவே பழசான ஒரு நாற்காலியை எடுத்துப் பாருங்கள்: கைப்பிடியின் நுனி, உட்காரும் பலகையின் முன் ஓரம், கால்கள் தரையைத் தொடுகிற இடம், குறுக்குக் கட்டையில் பாதம் வைத்து வைத்துக் குழிந்த இடம். அலமாரியில் கதவைத் திறக்கும்போது நான்கு விரல் படுகிற ஓரம், சாவித்துவாரத்தைச் சுற்றிக் கொத்துச்சாவி ஆடி ஆடிப் போட்ட அரைவட்டக் கீறல். அந்த இடங்களில் மட்டும் தேய்த்தால் போதும், பார்க்கிறவர்களுக்குத் தானாகப் பழசானதாகத் தெரியும். அப்புறம், ஏற்கெனவே உண்மையிலேயே தேய்ந்த இடம் இருந்தால் அதைப் பட்டி வைத்து மறைக்காதீர்கள். உங்கள் அப்பத்தா சாய்ந்து சாய்ந்து வழவழப்பாக்கின இடத்தைவிட நல்ல தேய்மானத்தை நானும் நீங்களும் தாளால் உண்டாக்கிவிட முடியாது.

தேய்த்து முடித்து 400 தாளாலோ அதைவிட மெல்லிய தாளாலோ முழுக்க ஒருமுறை மெதுவாகத் தடவினால் பட்டு மாதிரி ஒரு மினுமினுப்பு வரும். திருமலை நாயக்கர் மகாலின் சுதை வேலையில் சுண்ணாம்பைத் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றியிருக்கிறார்கள், 1636-ல் கட்டியது. சாக் பவுடரும் சுண்ணாம்புச் சத்துதான், தேய்க்கத் தேய்க்கத்தான் இதுவும் மெருகேறும்.

விரிசல் விட்ட மாதிரி டிசைன் வரவழைக்க முடியுமா?

முடியும், ஃபெவிகாலும் சாக் பெயிண்டும் போதும். அடிநிறம் காய்ந்த பிறகு ஃபெவிகாலைக் கொஞ்சம் தண்ணீர் விட்டு இளக்கிக் கனமாகப் பூசுங்கள். விரலால் தொட்டால் ஒட்டி இழுக்க வேண்டும், ஆனால் விரலில் வந்துவிடக் கூடாது. அந்தப் பதத்தில் மேல்நிறத்தை ஒரே இழுப்பில் அடியுங்கள். அடித்த இடத்தில் மறுபடி பிரஷ்ஷை வைத்தால் பசையோடு வழித்துக்கொண்டு வந்துவிடும். மேல் பெயிண்ட் காயக் காயக் கண்முன்னே விரிசல் ஓடும். பசை கனமாக இருந்தால் பெரிய விரிசல், மெல்லிசாக இருந்தால் நூல் நூலாக வரும். பிரஷ் போன திசையிலேயே ஓடுவதால், ஸ்பாஞ்சால் ஒற்றினால் வலைபோல நாலா பக்கமும் வரும்.

சித்திரை வெயிலில் மதியம் செய்தால் பசை பதம் காட்டாமலே காய்ந்துவிடும், காலையில் சின்னப் பகுதியாகப் பிரித்துச் செய்யுங்கள். முழு அலமாரிக்கும் இதைச் செய்யாதீர்கள், டிராயர் முகப்பு, பெட்டி மூடி மாதிரி ஒரு இடத்தில் இருந்தால் அழகு, எல்லா இடத்திலும் இருந்தால் வீட்டுச் சுவர் வெடித்த மாதிரித்தான் இருக்கும்.

டிசைன் வேண்டும், ஆனால் எனக்கு வரைய வராது. என்ன செய்யலாம்?

வரையவே வேண்டாம். நம் ஊரில் கண்ணுக்கு முன்னால் டிசைன் கொட்டிக் கிடக்கும்போது எதற்காக ரோஜாப்பூ ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள் என்று எனக்கு வருத்தமாக இருக்கும்.

சுங்குடியை எடுத்துக்கொள்ளுங்கள். துணியில் நூல் சுற்றி முடிச்சுப் போட்டுச் சாயத்தில் முக்கி எடுப்பதால், அந்தப் புள்ளி ஒவ்வொன்றும் முழு வெள்ளையாக இருக்காது, நடுவில் சாயம் தெரிகிற ஒரு குட்டி வளையமாக, கொஞ்சம் கோணலாக இருக்கும். அதைக் கொண்டுவர ஒரு காலியான பேனா ரீஃபில் போதும். அதன் திறந்த முனையை வெள்ளைப் பெயிண்டில் லேசாகத் தொட்டு, கருநீலமோ அரக்குச் சிவப்போ அடித்த ஸ்டூல் பலகையில் ஒற்றுங்கள். அதே வளையம் அப்படியே விழும். முதலில் சாக்பீஸால் கட்டம் போட்டுக்கொண்டால் வரிசை தப்பாது, கொஞ்சம் தப்பினாலும் பரவாயில்லை, கையால் கட்டின சுங்குடியிலும் வரிசை அப்படித்தான் அசையும். ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு கரை விட்டுவிட்டால் சேலையே விரித்த மாதிரி இருக்கும்.

அடுத்தது ஆத்தங்குடித் தரைக்கல். அதன் பூவையும் நட்சத்திரத்தையும் பேப்பரில் படியெடுத்து, பழைய எக்ஸ்ரே ஷீட்டில் வைத்து பிளேடால் வெட்டினால் வருஷக்கணக்கில் உழைக்கிற ஸ்டென்சில் கிடைத்துவிடும். மேசைப் பலகைக்கு இதைவிடப் பொருத்தமானது எதுவும் இல்லை. கோலமும் உண்டு, பழைய பெட்டி மூடியில் சிக்குக் கோலம் போட வெள்ளைப் பெயிண்டும் மெல்லிய பிரஷ்ஷும் வீட்டில் தினம் கோலம் போடுகிற ஒரு கையும் இருந்தால் ஆச்சு. அம்மாவிடமோ அத்தையிடமோ பிரஷ்ஷைக் கொடுத்துப் பாருங்கள்.

ஸ்டென்சிலில் பெயிண்ட் அடியில் ஓடிக் கசிந்தால் பிரஷ்ஷில் பெயிண்ட் அதிகம் என்று அர்த்தம். தொட்டு, பழைய துணியில் துடைத்து, கிட்டத்தட்டக் காய்ந்த பிரஷ்ஷால் நேர்குத்தாக ஒற்றுங்கள், இழுக்காதீர்கள்.

எடுப்பாகத் தெரிகிற வேலை, தங்க நிறம்?

சாக் பவுடரையும் ஃபெவிகாலையும் கெட்டியாகப் பிசைந்து ஸ்டென்சிலின் மேல் தடவி, ஷீட்டை நேர் மேலாகத் தூக்கினால் மேடான டிசைன் நிற்கும். தஞ்சாவூர் ஓவியத்தில் நகையும் மண்டபமும் மேடாகத் தெரிவதும் சுண்ணாம்புப் பொடியும் பசையும் சேர்ந்த வேலைதான். தங்க நிறத்துக்கு ரேக்கு, அதாவது தங்க நிற மெல்லிய தகடு, ஒட்டும்போது ஒட்டுப்பசை ஈரமாக இல்லாமல் பிசுபிசுப்பு நிலைக்கு வந்த பிறகே ஒட்டுங்கள். மலிவான ரேக்கு பித்தளைத் தகடு, மேலே அரக்கு பூசாவிட்டால் கறுத்துவிடும். தங்கப் பெயிண்டை டப்பாவோடு வாங்கிக் கால் முதல் தலை வரை அடிப்பதை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

சன்மைக்கா ஒட்டிய மேசைக்கு?

180 தாளால் பளபளப்பு முழுதாகப் போகும் வரை தேய்த்து, வழுவழுப்பான பரப்பில் பிடிக்கிற பிரைமர் ஒரு கோட் அடித்து, ஒரு நாள் விட்டு, பிறகு பெயிண்ட். பிரைமர் இல்லாமல் அடித்தால் நகத்தால் கீறினாலே தோலாக உரியும். ஓரத்தில் சன்மைக்கா தூக்கிக்கொண்டிருந்தால் முதலில் அதை ஒட்டி எடை வைத்து அமுக்குங்கள்.

இரும்பு பீரோவை என்ன செய்யலாம்?

நல்ல கேள்வி, ஏனென்றால் அது இல்லாத வீடு கிடையாது, யாரும் அதைத் தொடுவதும் இல்லை. துருவைக் கம்பி பிரஷ்ஷாலும் தாளாலும் எடுத்து, துரு இருந்த இடத்தில் ரெட் ஆக்சைடு பிரைமர். மற்ற இடத்தில் பழைய பெயிண்ட் கெட்டியாக இருந்தால் தண்ணீர் தொட்டுத் தேய்த்துப் பளபளப்பை மட்டும் எடுத்தால் போதும். பிறகு எனாமல் சின்ன ரோலரில் இரண்டு மெல்லிய கோட், பிரஷ்ஷில் அடித்தால் வரி தெரியும். கண்ணாடி, கைப்பிடி, பூட்டு எல்லாவற்றையும் டேப் ஒட்டி மூடிவிட்டுத் தொடங்குங்கள். கதவில் ஆத்தங்குடி ஸ்டென்சில் போட்ட பீரோவை ஒரு முறை பார்த்தால் அதைப் படுக்கையறை மூலையில் ஒளித்து வைக்க மனசு வராது.

மேலே மெழுகு பூசுவதா, வார்னிஷா?

சாக் பெயிண்ட்டை அப்படியே விட்டால் கை அழுக்கை எல்லாம் இழுத்துக்கொள்ளும், மேலே ஏதாவது பூசியே ஆக வேண்டும். வெளிநாட்டு வீடியோக்களில் எல்லோரும் மெழுகு பூசுவார்கள். தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரியில் உருகிவிடும். சூடான காபி டம்ளரை நேராக வைத்தால் வட்டம் விழும், தகர ஷெட்டில் வெயில் படுகிற இடத்தில் இளகித் தூசி ஒட்டும். அதனால் நம் ஊருக்கு என் தீர்ப்பு: மேசை, ஸ்டூல், டைனிங் நாற்காலி, அலமாரித் தட்டு எல்லாவற்றுக்கும் தண்ணீர் கலக்கும் பி.யூ. (பாலியூரித்தேன்) வார்னிஷ், மேட் பினிஷ், மூன்று மெல்லிய கோட். அலங்காரப் பெட்டி, கண்ணாடிச் சட்டம், போட்டோ பிரேம் போன்றவற்றுக்கு மெழுகு பூசினால் கைக்கு இதமாக இருக்கும். வெள்ளை, வெளிர் நிறங்களின் மேல் எண்ணெய் வார்னிஷ் வேண்டாம், நாள்பட மஞ்சளாகிவிடும்.

பூசி முடித்த சாமான் ஒரே நாளில் காய்ந்த மாதிரித் தெரியும், ஆனால் முழுதாக இறுக மூன்று நான்கு வாரம் ஆகும். அதுவரை கனமான பொருள் வைக்காதீர்கள், பேப்பர் விரிக்காதீர்கள், ஒட்டிக்கொள்ளும்.

வெள்ளை அடித்தேன், மறுநாள் பழுப்புத் திட்டு வந்துவிட்டது. இன்னொரு கோட் அடிக்கலாமா?

எத்தனை கோட் அடித்தாலும் வரும். மரத்தின் கறைச்சத்து தண்ணீர்ப் பெயிண்டில் ஊறி மேலே வருகிறது, தோதகத்தி, தேக்கு, பழைய கறுப்பு பாலிஷ் போட்ட சாமான் எல்லாவற்றிலும் இது நடக்கும். மேலே சொன்ன அரக்கை இரண்டு கோட் அடித்துக் கறையைக் கட்டிவிட்டு, பிறகு வெள்ளை அடியுங்கள். மெழுகு நீக்கிய அரக்காகப் பார்த்து வாங்குங்கள், சாதாரண அரக்கில் இருக்கும் மெழுகால் மேலே அடிப்பது சரியாகப் பிடிக்காமல் போகலாம்.

எந்த மாதம் செய்ய நல்லது?

ஜனவரி முதல் மார்ச் வரை. ஏப்ரல், மே மாதங்களில் காலை பத்து மணிக்குள் நிழலில் முடித்துவிடுங்கள், வெயிலில் தண்ணீர்ப் பெயிண்ட் பிரஷ் ஓடும் முன்னே காய்ந்து வரி வரியாக நிற்கும். மொட்டைமாடி வெயிலில் பழைய சாமானைக் காயப் போடுவது இன்னும் தப்பு, மரம் சுருங்கிப் பொருத்து விட்டுப்போகும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை ஈரத்தில் அரக்கு வெள்ளையாகப் பூத்துப்போகும், எனாமல் நாள் கணக்கில் பிசுபிசு என்று இருக்கும். அந்த மாதங்களில் கழுவுவது, ரிப்பேர், பட்டி வைப்பது, ஸ்டென்சில் வெட்டுவது என்று முன்வேலைகளைப் பார்க்கலாம்.

ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைக் குப்பையில் போடக் கூடாதாமே?

ஆமாம், கசக்கிப் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். எண்ணெய் காயும்போது காற்றோடு சேர்ந்து சூட்டை உண்டாக்குகிறது, சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு வெளியேற வழியில்லை. கொடியில் ஒற்றையாக விரித்துக் காயப் போடுங்கள், இல்லையென்றால் வாளித் தண்ணீரில் முக்கி வையுங்கள்.

ஏற்கெனவே அடித்தது உரிகிறது. எல்லாவற்றையும் எடுக்க வேண்டுமா?

முதலில் ஒரு சோதனை. பெயிண்டில் பிளேடால் குறுக்கும் நெடுக்குமாகச் சின்னக் கட்டங்கள் கீறி, அதன்மேல் டேப் ஒட்டிச் சட்டென்று இழுங்கள். உரியும் இடத்துக்குப் பக்கத்திலும், நன்றாக இருப்பதாகத் தெரிகிற இடத்திலும், இரண்டிலுமே செய்யுங்கள். நன்றாக இருக்கும் இடத்தில் ஒன்றும் வரவில்லை என்றால், உரிந்த பகுதியை மட்டும் ஓரம் தட்டாத அளவுக்குத் தேய்த்துச் சரிவாக்கி, எண்ணெய் போகத் துடைத்து, அரக்கு ஒரு கோட் அடித்து, அந்த இடத்தில் மட்டும் மறுபடி அடித்தால் போதும். இரண்டு இடத்திலும் டேப்போடு பெயிண்ட் வந்துவிட்டால் மேலே எதை அடித்தாலும் நிற்காது. முழுக்க எடுத்துவிட்டு, சலவை சோடாவிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.